பக்கத்து சீட்டுக்கு நானூறு

எனக்குக் கார் பிடிக்காது. பத்தொன்பது வருஷமாகப் பழைய கார்களுக்கு விலை சொல்லிப் பிழைக்கிறவள் என்பதால், கார் என்றால் எனக்கு உயிர் என்று எல்லோரும் அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். கசாப்புக் கடைக்காரர் ஆட்டை மடியில் வைத்துக் கொஞ்சுவாரா?

விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நின்று ஓர் எண்ணைச் சொல்வது என் வேலை. இரண்டு பேரும் முகத்தைச் சுளித்தால் விலை சரி. ஒருத்தர் மட்டும் சிரித்தால் நான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறேன்.

இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் பத்தடி தள்ளி நின்று வண்டியைப் பார்ப்பேன். அப்போது மனசில் வருகிற எண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுவேன். சொந்தக்காரர் வாயைத் திறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். வாயைத் திறந்தால் கதை வரும். பொண்ணு பிறந்த அன்னைக்கு வாங்கினது, ராசியான வண்டி, ஒரு கீறல் கிடையாது, இப்படி. கதைக்கு நான் விலை போடுவதில்லை. எண்ணை எழுதிய பிறகு பக்கத்தில் போய், குறை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கழிப்பேன். மிச்சம் நிற்பதுதான் விலை.

அன்று காலை நான் பார்க்கப் போனது என் அக்காவின் காரை.

அக்கா இறந்து பதினொரு மாசம் ஆகியிருந்தது. அவளுக்காக நான் அழவில்லை. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள், நாலாம் நாள் முடிந்துவிட்டது. போன் செய்ய வேண்டியவர்களுக்குப் போன் செய்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டேன். “கல்லு மாதிரி நிக்கிறா பாரு” என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொன்னது காதில் விழுந்தது. கல்லாவது வெயில் பட்டால் சூடாகும். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட வாய் மாதிரி எனக்கு உள்ளே மரத்துப்போயிருந்தது. அதற்கப்புறமும் தினம் வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். விலைகள்கூடத் தப்பவில்லை.

அக்கா இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். ஐம்பத்திரண்டு சீட்டு. அத்தனை வாயும் ஒரே நேரத்தில் கத்தும். ஓய்வு பெற்ற அன்று மாலையைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு, “ஐம்பத்திரண்டு சீட்டு ஓட்டியாச்சு. இனிமே ரெண்டு சீட்டு போதும்” என்றாள். தமாஷ் என்று நினைத்தோம். அடுத்த வாரமே, கையால் மாற்றுகிற கியரும் தரையோடு தரையாக உடம்புமாக, நீல நிறத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். ஒரு சீட்டு அவளுக்கு. இன்னொன்று அத்தானுக்கு. அத்தானுக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

“ஏய் தராசு, அதுக்கு நியாயமா என்ன விலைடி?” என்று என்னைக் கேட்டாள். சின்ன வயசில் ஒரு மிட்டாயைக்கூட இரண்டு பக்கமும் சமமாக உடைப்பேன் என்று அவள் எனக்கு வைத்த பெயர் அது.

போய்ப் பார்த்தேன். முப்பத்தோராயிரம் தாராளமாகப் போகும். நான் இருபத்தி நாலாயிரம் என்று சொன்னேன்.

பத்தொன்பது வருஷத்தில் தெரிந்தே நான் சொன்ன பொய் விலை அது ஒன்றுதான். ஓய்வுப் பணத்தைக் கொண்டுபோய் விளையாட்டு வண்டியில் கொட்டுகிறாளே என்ற கவலை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்கா என்னை நம்பி இருபத்தி நாலுக்குக் கேட்டாள். விற்கிறவர் கோபித்துக்கொண்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். ஒன்றரை வருஷம் கழித்து அதே வண்டி மறுபடி விற்பனைக்கு வந்தபோது, அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருபத்தொன்பதாயிரத்துக்கு வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தாள். அதற்குப் பிறகு நாலரை வருஷம் ஓட்டினாள். ஒன்றரையையும் நாலரையையும் கூட்டினால் ஆறு. ஆறு வருஷம் ஓட்டியிருக்க வேண்டியவள். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த எனக்கு அழத் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகள் கடல் தாண்டி வேறு நாட்டில் இருக்கிறாள். அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போக டிக்கெட் போட்டுவிட்டாள், ஞாயிற்றுக்கிழமைக்கு. அத்தான் வருகிறேன் என்றார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. காரை அனாதையாக விட்டுவிட்டு வரமாட்டேன், நியாயமான விலைக்கு விற்ற பிறகுதான் வருவேன். அந்த விலையைத் தராசு சொல்ல வேண்டும். வாங்குவதற்கு ஒரு பல் டாக்டர் தயாராக இருந்தார். “நீங்க சொல்றதுதான் விலை மேடம், பேரமே கிடையாது. ஆனா இருபத்தி மூணைத் தாண்டினா வீட்டுல என்னைக் கொன்னுடுவாங்க” என்று போனில் சிரித்தார்.

ஆக நான் சொல்லும் எண் இருபத்தி மூன்றுக்குள் இருந்தால் அத்தான் விமானம் ஏறுவார். தாண்டினால் இங்கேயே இருப்பார். அத்தான் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கென்று ஒருத்தரும் கிடையாது. எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் நடக்கவில்லை. ஞாயிறு மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அக்கா போன பிறகும் போகிறேன். அத்தான் சோறு வைப்பார், நான் குழம்பு எடுத்துப்போவேன், இரண்டு பேரும் பேசாமல் சாப்பிடுவோம்.

“சித்தி, கொஞ்சம் குறைச்சுச் சொல்லியாவது தள்ளிவிட்டுடுங்க. அப்பா இங்க வந்து சேர்ந்தா போதும். ராத்திரி சாப்பிட்டாரான்னுகூட எனக்குத் தெரியறதில்ல” என்றாள் அக்கா மகள், முந்தின நாள் போனில்.

“குறைச்சும் சொல்ல மாட்டேன், கூட்டியும் சொல்ல மாட்டேன்” என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் பார்க்கிங். டியூப் லைட் ஒன்று எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அத்தான் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, பரீட்சைக்கு வந்தவர்போல் நின்றார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எந்த எண்ணையும் ரவுண்டு கட்டிச் சொல்லமாட்டார். மணி கேட்டால் பத்து இருபத்தி மூணு என்பார்.

“அத்தான், நான் எழுதி முடிக்கிறவரைக்கும் நீங்க பேசக் கூடாது.”

“தெரியும்மா. உங்க அக்கா சொல்லியிருக்கா.” சொல்லிவிட்டு வாயில் விரலை வைத்துக்கொண்டார்.

பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். நீலம் மங்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இருபத்தி மூவாயிரம் என்று எழுதினேன். ஊரான் வண்டிக்கு எழுதுவதுபோலத்தான் எழுதினேன்.

பிறகு கிட்டே போனேன். பெயின்ட் கனம் பார்க்கும் கருவியை ஒவ்வொரு தகடாக வைத்தேன். பின் சக்கரத்துக்கு மேல் தகட்டில் மட்டும் ஒரு பூச்சு கூடுதலாக இருந்தது, எப்போதோ இடித்ததை மறைத்துப் பூசியது. அறுநூறு கழிவு. முன் பம்பரில் கல் தெறித்த புள்ளிகள், முந்நூறு. கண்ணாடி சுத்தம். அடியில் துரு இல்லை. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

டயரில் இடித்தது. பதினொரு மாசம் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர், தரையில் பட்ட இடத்தில் சப்பையாகிவிடும். கையால் தடவினாலே தெரியும். நாலையும் தடவினேன், நாலும் உருண்டையாக இருந்தன. பேட்டரியைச் சோதித்தேன். செத்துப்போயிருக்க வேண்டிய பேட்டரி முழுத் தெம்போடு இருந்தது. சாவியைத் திருப்பினேன், முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. மீட்டரைப் பார்த்தேன். அக்கா கடைசியாக சர்வீஸ் விட்ட ரசீது கதவு இடுக்கில் ஒட்டியிருந்தது. அதில் இருந்த எண்ணுக்கும் மீட்டருக்கும் நாற்பது கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

கடைசியில் சீட்டுகள். ஓட்டுகிற சீட்டில் தேய்மானம் இல்லை. அது சரிதான், அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கிப் பழகியவள், உடம்பைத் தூக்கி எடுத்து இறங்குவாள், உரச மாட்டாள். ஆனால் பக்கத்து சீட்டு? கதவுப் பக்க விளிம்பில் தோல் வெளுத்து, உள்ளே பஞ்சு அமுங்கி, பத்து வருஷம் டாக்சியில் கிடந்த சீட்டுபோல இருந்தது. நாலரை வருஷத்துக்கு இவ்வளவு தேயாது.

என் தொழிலில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே அர்த்தம்தான். மீட்டரைக் கழற்றிவிட்டு யாரோ வண்டியை ஓட்டுகிறார்கள், அதுவும் தினமும், பக்கத்தில் ஒருத்தரை ஏற்றிக்கொண்டு. நோட்டில் ‘மீட்டர், சந்தேகம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பதினொரு மாசத்தில் எனக்குள் அசைந்த முதல் விஷயம் அந்தக் கோபம்தான். இந்த மனுஷன் அக்கா காரை யாருக்கோ போட்டோ எடுத்துக்கொள்ள வாடகைக்கு விடுகிறாரா?

“அத்தான், இப்ப பேசலாம். வண்டிய யார் ஓட்டுறாங்க?”

“யாருமில்லையே.”

“பொய் சொல்லாதீங்க. நான் இதைத்தான் தினம் பாக்கிறேன். டயர் சப்பையாகல. பேட்டரி சாகல. அந்தப் பக்க சீட்டு நார் நாரா கிடக்கு. மீட்டர் மட்டும் அப்படியே இருக்கு. என்ன, என் காதுல பூ சுத்துறீங்களா?”

அத்தான் பயந்துபோய் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து டயருக்குப் பின்னால் தரையைக் காட்டினார். சிமென்டில் சாக்பீஸ் கோடுகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒரு சாண் இடைவெளியில்.

“நின்னா டயர் கெட்டுப்போகும்னு அவ சொல்லுவா. எனக்கு ஓட்டத் தெரியாதே. வாரம் ஒரு தடவை வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஒரு சாண் தள்ளச் சொல்லுவேன். அடுத்த வாரம் இன்னொரு சாண். சுவர் வந்ததும் திரும்பப் பின்னாடி. மூணாவது மாசத்துல ஒரு வாரம் விட்டுப்போச்சு, எனக்குக் காய்ச்சல்.” அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுபோல் சொன்னார்.

“பேட்டரி?”

“காலைல பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விடுவேன். பெட்ரோல் தீர்ந்தா கேன்ல வாங்கிட்டு வருவேன். அந்தப் பக்கம் ஏற மாட்டேன்மா, இந்தப் பக்கத்துலேருந்தே கைய நீட்டி சாவியைத் திருப்பிடுவேன்.”

“பத்து நிமிஷத்துல சீட்டு இப்படித் தேயாது அத்தான்.”

அவர் வெளுத்துப்போன அந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். குற்றம் பிடிபட்ட மாதிரி முகம் சிவந்தது.

“எஞ்சினை அணைச்ச அப்புறமும் உக்காந்திருப்பேன். காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு. சில நாள் அங்கேயே தூங்கிடுவேன்.”

“வீடு இருக்கும்போது இங்க எதுக்கு?”

“வீட்டுல அவ இல்லைன்னு தெரியுதும்மா. கட்டில்ல தெரியுது, சமையல்கட்டுல தெரியுது. இது அப்படியில்ல. இது நான் எப்பவும் உக்கார்ற இடம். போற வழியில எங்கயாவது நிறுத்திட்டு, ‘நீ இரு, நான் வாங்கிட்டு வந்துடுறேன்’னு இறங்கிப் போவா இல்லையா? இங்க உக்காந்தா அப்படித்தான் தோணும். ஏதோ வாங்கப் போயிருக்கா, வந்துடுவா.” சொல்லிவிட்டு, ஆய்வக ரிப்போர்ட்டில் அடியில் ஒரு வரி சேர்ப்பதுபோல், “இது சரியில்லைன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

‘மீட்டர், சந்தேகம்’ என்பதை அடித்தேன். சீட்டுக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். பக்கத்து சீட்டு விளிம்பு என்றால் நானூறு, என் பட்டியலில் வருஷக்கணக்காக இருக்கிற எண். பேனா அங்கேயே நின்றது.

நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். இருபத்தி நாலு என்று சொன்னால் போதும். பல் டாக்டர் கழன்றுகொள்வார். ஞாயிற்றுக்கிழமை விமானம் அவர் இல்லாமல் போகும். அத்தான் தன் சீட்டில் இருப்பார். ஞாயிறு மத்தியானம் நான் குழம்பு எடுத்து வருவேன். நன்றாகப் பராமரித்த வண்டி, ஓராயிரம் கூட்டிப் போட்டேன் என்று சொன்னால் எவனும் கேள்வி கேட்கமாட்டான். அதே இருபத்தி நாலு. ஒரு காலத்தில் குறைத்துச் சொன்ன எண், இப்போது கூட்டிச் சொல்கிற எண்ணாகிவிட்டது.

“ஓட்டிப் பாக்கணும் அத்தான். ஏறுங்க.”

அவர் பக்கத்து சீட்டில் ஏறினார். நான் ஓட்டுகிற பக்கம் உட்கார்ந்தேன். அக்கா என்னைவிட ஒரு சாண் உயரம். கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுக்கக் கீழே கையை விட்டேன்.

“நகர்த்தாம ஓட்ட முடியாதாம்மா?” என்றார் அத்தான் மெதுவாக. “அது அவ வெச்சது.”

கையை எடுத்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் என் கைப்பையை அடைத்துக்கொண்டு, நுனிக்காலால் கிளட்சை மிதித்து வண்டியை எடுத்தேன். அத்தான் பெல்ட்டை மாட்டினார். க்ளக் என்று சத்தம் கேட்ட பிறகுதான் அக்கா வண்டியை நகர்த்துவாளாம், பஸ்ஸிலிருந்து வந்த பழக்கம்.

பதினொரு மாசத்துக்குப் பிறகு வண்டி வெளிச்சத்துக்கு வந்தது. ஓரத்துத் தெருவிலேயே மெல்லப் போனேன். கியர் சுத்தமாக விழுந்தது. எஞ்சினில் தட்டல் இல்லை. பிரேக் மட்டும் முதலில் கரகரத்தது, பிறகு சரியானது. இதெல்லாம் மூளையில் தானாகப் பதிந்துகொண்டிருந்தது. அத்தான் சிவப்பு விளக்குகளில் எனக்கு முன்பே வலது காலைத் தரையில் அழுத்தினார்.

“அவளுக்குத் தெரியும்” என்றார் திடீரென்று.

“என்னது?”

“நீ அன்னைக்கு இருபத்தி நாலுன்னு சொன்னியே. அது சரியான விலையில்லைன்னு அவளுக்கு அப்புறம் தெரிஞ்சுது. வேற ரெண்டு இடத்துல விசாரிச்சா.”

வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். “திட்டினாளா?”

“சிரிச்சா. ‘ரெண்டே சீட்டுன்னு சொன்னதும் அவ மூஞ்சி போன போக்கைப் பாத்தீங்களா? தனக்கு இடமில்லைன்னு தராசு ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு. போகட்டும் விடுங்க’ன்னா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னா. நான்தான் போகப்போறேனே, அதான் சொல்லிட்டேன்.”

அது உண்மை. ஓய்வுப் பணமும் இல்லை, கவலையும் இல்லை. எப்போதும் மூன்று பேராகப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு சீட்டில் எனக்கு இடமில்லை என்ற பொறாமைக்கு நான் வைத்த பெயர்தான் இருபத்தி நாலாயிரம். அக்கா அதைத் தெரிந்துகொண்டே நாலரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. நாக்கு மட்டும் வறண்டு ஒட்டிக்கொண்டது.

ஒரு கடை வாசலில் நிறுத்தினேன். “தண்ணி வாங்கிட்டு வரேன் அத்தான். நீங்க இருங்க” என்று சொல்லி இறங்கினேன். என்ன சொன்னேன் என்று கடைக்குள் போன பிறகுதான் உறைத்தது.

தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு காசு கொடுத்தேன். மிச்சம் எண்ணும் நேரத்தில் போனை எடுத்துப் பல் டாக்டருக்கு ‘இருபத்தி நாலாயிரம்’ என்று அடித்தேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. விரல் மேலே நின்றபோது கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன்.

அத்தான் கடைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. ஒரு பெண் காய்கறிப் பையோடு வெளியே போனாள். அத்தானின் தலை நிமிர்ந்தது, முகம் ஒரு நொடி மலர்ந்தது, பிறகு இறங்கியது. திரும்பக் கதவு. ஒரு பெரியவர் பேப்பரோடு வெளியே போனார். தலை நிமிர்ந்தது, இறங்கியது. பிறகு ஒரு பள்ளிக்கூடப் பெண். அப்போதும் அப்படியே. நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை.

அடித்தளத்தில் அவர் சொன்னபோது அதை ஓர் ஆறுதல் என்று நினைத்துவிட்டேன். பாவம், அந்த மனுஷனுக்கு அது ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். கதவில்லாத ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு பதினொரு மாசம், காலை இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், அவர் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு ஞாயிறு மத்தியானத்துக்குத் துணை வேண்டும் என்பதற்காக அவரை இன்னும் அங்கேயே உட்கார வைக்கப் பார்த்தேன். அக்காவிடம் ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை அத்தானிடம் எத்தனை வருஷம் எடுத்துக்கொள்ளப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

“வேற ஏதாவது வேணுமா?” என்றார் கடைக்காரர்.

“இல்ல” என்றேன். ஆனால் நகரவில்லை. நான் அந்தக் கதவைத் திறந்தால் வரப்போவது நான்தான். அக்கா இல்லை. அதை அவருக்குக் காட்ட வேண்டியவளாக நானே இருக்க வேண்டுமே என்று கால் வரவில்லை. “தள்ளி நில்லுங்கம்மா, பின்னாடி ஆள் நிக்கிறாங்க” என்றார் கடைக்காரர். தள்ளி நின்றேன். கண் எரிந்தது. கன்னத்தில் கை வைத்துப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. மரத்த இடத்தில் உணர்ச்சி திரும்பும்போது வலி முதலில் வரும் என்று பல் பிடுங்கினவர்களுக்குத் தெரியும்.

எண்ணை அழித்தேன். நோட்டை எடுத்து, சீட்டுக்கு நேராக நானூறு என்று எழுதிக் கழித்தேன். இருபத்தி மூவாயிரத்தில் அறுநூறு, முந்நூறு, நானூறு போக இருபத்தோராயிரத்து எழுநூறு. அதை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

அத்தானின் தலை நிமிர்ந்தது. முகம் மலர்ந்தது. நான் கார்வரைக்கும் நடந்து வருவதை அவர் முழுவதும் பார்த்தார், தலை இறங்கவில்லை. ஆனால் நடக்க நடக்க அந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போய், நான் கதவைத் திறந்தபோது அங்கே வெறும் அத்தான் இருந்தார்.

“வந்துட்டியா” என்றார்.

“ம்.”

“எவ்வளவு போட்ட?”

“இருபத்தொன்னு எழுநூறு.”

“சீட்டுக்குக் கழிச்சியா?”

“கழிச்சேன் அத்தான். நானூறு.”

தலையாட்டினார். “தேஞ்சது தேஞ்சதுதானே. நியாயம்தான்.” பிறகு, “அவ சீட்டுக்கு?”

“அதுக்கு ஒண்ணும் கழிக்கல. அப்படியே புதுசா இருக்கு.”

போன் அதிர்ந்தது. பல் டாக்டர் ‘சரி’ என்று அனுப்பியிருந்தார், கூடவே ஒரு கும்பிடு. அத்தானிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்த ஒரு வார்த்தையை நிதானமாகப் படித்தார். பாட்டிலை வாங்கி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மூடியைத் திருகினார்.

நான் கைப்பையை முதுகுக்குப் பின்னால் அடைத்துக்கொண்டு, கிளட்சை மிதிக்கப் பார்த்தேன். நுனிக்கால் வழுக்கியது. இன்னொரு தடவை மிதித்தேன், மறுபடி வழுக்கியது.

“கால் எட்டல அத்தான்” என்றேன். “இழுத்துக்கட்டுமா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது, அடுத்து ஒரு லாரி.

“இழுத்துக்கோ” என்றார்.

கீழே கையை விட்டுச் சீட்டை விடுவிக்கும் கம்பியைத் தூக்கினேன். டக், டக், டக் என்று மூன்று பல் தாண்டி சீட்டு முன்னால் வந்தது. கைப்பையைப் பின்னாலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தேன். கால் எட்டியது. சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தான் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.